ஆயில் என்ஜின் பாகங்களில் ஏறிய துருவும் அதனை நீக்கும் திராவகங்களும்

கிணற்றடிக் கொட்டகைகளில் பல்லாண்டுகளாக ஓடாமல் நின்றுவிட்ட ஆயில் என்ஜின்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் அநேகம் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் பொறியியல் அறிஞர், எண்ணெய் யந்திரங்களைக் கொண்டு நீரிறைக்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முற்பட்டார். அக்காலந்தொட்டுக் கவலையும் ஏற்றமும் இருந்த இடங்களில் என்ஜினும் பம்பும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் வேலைசெய்யத் தொடங்கியபின் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்கு மின்சார மோட்டார் வரலாயிற்று. பிற்காலத்தில் மின்கம்பிகள் உட்கிராமங்களுக்கும் எட்டின. 1990-ல் விவசாய இறைப்புக்கு மின்கட்டணமே இல்லையென்று ஆனபோது என்ஜின்கள் கொட்டகையின் மூலைக்குத் தள்ளப்பட்டன. மேலே ஒரு சாக்கைப் போர்த்தியதோடு அவற்றின் பராமரிப்பும் முடிவுற்றது.

ஆயினும் அவற்றைத் தேடவேண்டிய நாளும் வருவதுண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆந் தேதி விடியுமுன் கரை கடந்த கஜா புயலால் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. உட்கிராமங்கள் பலவற்றிற்கு மின்சாரம் திரும்புவதற்கு வாரக்கணக்காயிற்று. வயலில் நின்ற நீரை வடிக்கவும், குடிப்பதற்கு நீரிறைக்கவும் மின்சாரத்தையன்றி வேறு கதியில்லாத இத்தகைய வேளைகளிலேதான் மூலையிலுள்ள பழைய என்ஜின் நினைவிற்கு வருகிறது. கைப்பிடியை மாட்டிச் சுழற்றினால் சக்கரம் அசைவதில்லை. இரும்பு முழுதும் செம்மண் பூசியதுபோற் காட்சியளிக்கிறது. பழைய இரும்பு வியாபாரிக்கு எடைக்குப் போட்டுவிடலாமா, அன்றித் துருவை நீக்கி ஓட்டிப் பார்க்கலாமா என்னும் கேள்வி அப்பொழுது எழுகிறது.

பெரும்பாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்பதே விடை. பழைய மெதுவோட்ட என்ஜின்கள் கனத்த வார்ப்பிரும்பினால் ஆனவை. 1930-ஐ ஒட்டி இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனியார் வெளியிட்ட 5 குதிரைசக்தி டீசல் என்ஜினும், அதன் மாதிரியைப் பின்பற்றிப் பிற்காலத்தில் ராஜ்கோட் முதலிய இடங்களில் செய்யப்பட்டவையும் நிமிஷத்திற்கு 600 அல்லது 650 சுற்றுக்களே சுழல்வன. சிலிண்டரின் உள்விட்டம் நாலரை அங்குலம். சுவர்கள் தடித்தவை, பாகங்கள் சொற்பம். ஆகையால் மேலெழுந்தவாறு துருப்பிடித்திருப்பினும் உள்ளே நல்ல இரும்பு மிகுதியாக எஞ்சியிருக்கும். இத்தகைய என்ஜின்களில் பல துருவினாற் கெட்டவை அல்ல. துருவை நீக்குவதற்குக் கைக்கொண்ட அவசர முறையினாலேயே கெட்டவை.

துருவின் தன்மை

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடும் இடத்தில் துரு உண்டாகிறது. உப்பு சேரின் அது விரைவுபடும். கடற்கரைத் தாலுகாக்களில் காற்றே உப்புடையது. இதனினும் கொடியது, என்ஜின் கொட்டகையையே உரக் கிடங்காகவும் வைத்துக் கொள்ளும் வழக்கம். அம்மோனியம் சல்பேட்டும் மியூரியேட் பொட்டாஷும் ஈரத்தை இழுத்துக் கசிந்து, அருகிலுள்ள இரும்பை இரண்டொரு மழைக்காலத்திற்குள் அரித்துவிடும். என்ஜின் இருக்கும் அறையில் உரமூட்டையை அடுக்காதிருப்பது எந்தத் திராவகத்தினும் மேலான மருந்தாகும்.

துரு, தான் உண்டாவதற்குச் செலவான இரும்பைப்போல் இரண்டு மடங்கிற்குக் குறையாத இடத்தை அடைத்துக் கொள்வது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் போவதற்குக் காரணம் இதுவே. இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள மெல்லிய இடைவெளியில் துரு பருத்து ஆப்புப்போல் இறங்கிவிடுகிறது. இந்நிலையில் சம்மட்டியால் அடித்தல் கூடாது; வார்ப்பிரும்பு வளையாது, உடைந்தே போகும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டுப் பிஸ்டனின் மேல் மண்ணெண்ணெயும் டீசலும் சமமாகக் கலந்து நிரப்பி வைக்க வேண்டும். நாள்தோறும் குறைந்த அளவைச் சேர்த்துவர வேண்டும். நாலைந்து நாட்களில் இளகுவதும் உண்டு. பதினைந்து நாள் பிடிப்பதும் உண்டு. இடையிடையே பெரிய சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். பிஸ்டனின் தலையில் மரக்கட்டையை வைத்து அதன்மேல் இலேசாகத் தட்டலாம். மயிரிழை அசைவு கண்டால் அதுவே வெற்றியின் அடையாளம். மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டவர்கள் லைனரையும் பிஸ்டனையும் ஒருங்கே இழந்திருக்கின்றனர்.

வன்திராவகத்தால் நேரும் கேடு

என்ஜினைப் பிரித்தபின் பெரும்பாலும் நடப்பது இது. கக்கூஸ் கழுவுவதற்கெனக் கடைகளில் ஆசிட் என்று விற்கப்படும் உப்புத் திராவகத்தை வாங்கி ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றுவார்கள். போல்டு, நட்டு, வால்வு, ஸ்பிரிங்கு, கனெக்டிங் ராடு, பித்தளைப் புஷ் எல்லாவற்றையும் அதில் ஒன்றாகப் போட்டுவிட்டு இரவு உறங்கப் போவார்கள். விடிந்து பார்த்தால் துரு ஒரு புள்ளியும் இராது. பார்ப்பவர் மகிழ்வர். ஆனால் திராவகத்திற்குத் துரு எது, இரும்பு எது என்னும் வேற்றுமை தெரியாது. துருவைக் கரைத்து முடித்தபின் நல்ல இரும்பையும் அது கரைக்கிறது. வார்ப்பிரும்பிலோ இரும்பு கரைந்து, அதனுள் ஏடுஏடாகக் கலந்துள்ள காரீயக் கரி மட்டும் கரிய மெழுக்காக மேலே நின்றுவிடுகிறது. துணியால் துடைத்தால் கை கறுக்கும். அளவாகக் கடைந்து பொருத்திய பரப்புக்கள் இவ்விதம் தம் அளவை இழந்துவிட்டால் அவற்றை மீட்க வழியில்லை.

கண்ணுக்குத் தெரியாத கேடு இதனினும் பெரிது. 1875-ஆம் வருஷத்தில் ஜான்ஸன் என்னும் ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொஸைட்டியில் ஒரு விசித்திரத்தை எடுத்துரைத்தார். நன்றாக வளையக்கூடிய இரும்புக் கம்பியை உப்புத் திராவகத்திலோ கந்தகத் திராவகத்திலோ சில நிமிஷங்கள் வைத்தெடுத்தால், அது ஒரு வளைப்பிலேயே முறிந்துபோகிறது. முறிந்த முகத்தை ஈரப்படுத்தினால் அதிலிருந்து நுரை கிளம்புகிறது. திராவகம் இரும்பைக் கரைக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜன் வாயுவின் ஒரு பகுதி வெளியேறாமல் உலோகத்துக்குள்ளேயே புகுந்துவிடுவதே இதற்குக் காரணம். மெல்லிரும்பில் இக்குறை சில நாட்களில் தானே நீங்கும். பதமேற்றிய எஃகிலோ பிளவு உள்ளுக்குள்ளே தொடங்கிவிடும்; பிறகு வாயு வெளியேறினாலும் பிளவு கூடாது.

என்ஜினில் பதமேற்றிய எஃகு எவை? வால்வு ஸ்பிரிங்குகளும் கனெக்டிங் ராடின் போல்டுகளுமே முதன்மையானவை. ஸ்பிரிங்கு ஓட்டத்தில் முறிந்தால் வால்வு சிலிண்டருக்குள் இறங்கிப் பிஸ்டனைத் தாக்கும். ராடின் போல்டு முறிந்தால் ராடு கிராங்குப் பெட்டியைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கும் அபாயம். திராவகத்தில் ஊறிய எஃகைப் பட்டறைகளில் சுமார் 200 டிகிரி செண்டிகிரேட் உஷ்ணத்தில் பல மணிநேரம் வைத்து வாயுவைப் போக்குவதுண்டு. கிராமத்தில் அவ்வளவு ஒழுங்கான உஷ்ணத்தை அளந்து கொடுத்தல் எளிதன்று. ஆகையால் இவ்விரண்டையும் எந்தத் திராவகத்திலும் இடாமல், புதிதாக வாங்கிப் போடுவதே முறை. சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவன்று.

பாகங்களைப் பிரித்து வைத்தல்

எந்த முறையைக் கைக்கொள்ளினும் முதல் வேலை பழைய எண்ணெய்ப் பிசினை நீக்குவது. எண்ணெய் படிந்த இடத்தில் திராவகம் பற்றாது. அங்கே துரு தங்கிவிடும். சூடான நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துத் தேய்த்தல் இரும்புக்கும் எஃகுக்கும் ஏற்றது. காஸ்டிக் சோடா இன்னும் விரைவாய் வேலைசெய்யும். ஆனால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அலுமினியத்தை அது கொந்தளித்துக் கரைத்துவிடும். பிற்கால என்ஜின்கள் பலவற்றில் பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. காந்தம் ஒட்டாத எதனையும் காஸ்டிக்கிலோ திராவகத்திலோ போடலாகாது என்று வேலையாளுக்குச் சொல்லிவைத்தால் போதும். அலுமினியம், பித்தளை, வெண்கலம், பேரிங்கிலுள்ள வெள்ளை உலோகம், செம்பு வாஷர் ஆகிய யாவும் இதில் அடங்கிவிடும். இவற்றை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்தலே சரி.

டீசல் பம்பும் இன்ஜெக்டரும் இன்னொரு வகை. பம்பின் தண்டுக்கும் அது ஓடும் குழலுக்கும் நடுவேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே ஆகும். இவற்றை எக்கரைசலிலும் தோய்க்காமல், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், அப்படியே டீசல் பம்புப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். கிராங்கு ஷாப்டையும் முழுதாகத் தோய்த்தல் கூடாது. எண்ணெய் செல்லும் துளைகளில் திராவகம் தங்கிப் பின்னர் உள்ளிருந்தே அரிக்கும். கரைசலில் நனைத்த துணியைத் துருவுள்ள இடத்தில் மட்டும் சுற்றிவைத்துப் பின் துடைத்து எண்ணெயிட வேண்டும்.

எலுமிச்சை உப்பு

எஞ்சிய பாகங்களாகிய சிலிண்டர் ஹெட், லைனர், வார்ப்பிரும்புப் பிஸ்டன், ராக்கர், சாதாரண போல்டுகள், பம்பின் உடல் முதலியவற்றிற்குக் குடியானவர் கையில் எளிதிற் கிடைக்கும் பண்டம் மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் சிட்ரிக் அமிலமே. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் வரை கரைத்தால் போதும். பிளாஸ்டிக் டிரம் வேண்டும். நாகம் பூசிய வாளி உதவாது, துத்தநாகத்தை அமிலம் தின்றுவிடும். வெயிலில் வைத்த டிரம்மில் நீர் சூடேறி வேலை விரைவுபடும். இலேசான துரு இரண்டு மூன்று மணிநேரத்திலும், கடினமானது ஒரு நாளிலும் விட்டுப்போகும். ஆனால் இதுவும் அமிலமே. மறந்து மூன்று நாள் விட்டால் இரும்பை அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். மணிக்கொருதரம் எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்து, துரு போன அக்கணமே எடுத்துவிட வேண்டும்.

இக்குறையைத் தணிக்க ஓர் உபாயம் உண்டு. லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில், 50 கிராம் நீரற்ற சோடாத் தூளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கரியமிலவாயு கிளம்பி நுரை பொங்குமாதலால் பாத்திரம் பாதிக்குமேல் நிறைந்திருத்தல் ஆகாது. புளிப்பின் பெரும்பகுதி அடங்கியபின் எஞ்சும் சிட்ரேட்டுக் கரைசல், துருவிலுள்ள இரும்பைப் பிடித்துக் கரைக்கும் சக்தியை இழப்பதில்லை. நல்ல இரும்பை அரிப்பதோ மிகவும் குறைந்துவிடும். அளவு பிசகக் கூடாத லைனருக்கும் ராக்கர் தண்டுக்கும் இதுவே உகந்தது. நேரம் சற்று அதிகமாகும்.

வீட்டில் பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளியும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலமும் இரும்பைப் பற்றிக் கரைக்கும். கைக்கடங்கிய ஒரு நட்டுக்கோ சாவிக்கோ புளிக்கரைசல் போதும். என்ஜின் முழுவதற்கும் புளி கரைத்தால் வீட்டிலுள்ளோர் பொறுக்கமாட்டார்கள்.

கழிவுப்பாகு

அவசரம் இல்லாதவர்களுக்குச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு மிக நல்ல மருந்து. கால்நடைத் தீவனத்திற்கென விற்கப்படும் பாகில் ஒரு பங்கிற்கு எட்டு முதல் பத்துப் பங்கு நீர் சேர்த்துப் பாகங்களை முழுகும்படி இட்டு மூடிவைக்க வேண்டும். ஓரிரு நாட்களில் கரைசல் புளித்து நுரைக்கும். பாகில் இயல்பாயுள்ள சில பொருள்களும், புளிப்பினால் உண்டாகும் மெல்லிய அமிலங்களும் சேர்ந்து துருவைக் கரைத்து இழுக்கின்றன. ஒரு வாரம் கழித்து எடுத்துக் கழுவிப் பார்த்துத் தேவையாயின் மீண்டும் இடலாம். கனத்த துருவிற்கு மூன்று நான்கு வாரங்கள் பிடிக்கும். நல்ல இரும்பை இது அரிப்பது மிகவும் சொற்பம். கையில் பட்டாலும் புண்ணில்லை. சிறிய துளைகளிலும் திருகுச் சுற்றுக்களிலும் பிரஷ் எட்டாத இடத்துத் துருவை இது போக்குவதுபோல் வேறொன்று போக்குவதரிது. பெரிய சிலிண்டர் உடலையும், நீர் சுற்றும் ஜாக்கெட்டின் உட்புறத்தையும் துலக்க இதனையே கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. நாற்றம் கொட்டகையைக் கடந்து வீதிக்கு வரும். ஈயும் மொய்க்கும். அலுமினியமும் துத்தநாகமும் இதிற் கெடும். முக்கியமாக மூடியின்மேற் கல்லை ஏற்றிவைக்க வேண்டும். இனிப்பு வாசனைக்கு மாடுகள் வந்து வாய்வைக்கக்கூடும். என்ஜின் எண்ணெயும் துருவும் கலந்த அக்கரைசல் மாட்டுக்கு ஆகாது.

சோடாக் கரைசலில் மின்சாரம்

மோட்டார் வண்டிப் பாட்டரிக்கு ஏற்றும் 12 வோல்ட்டுச் சார்ஜர் கிடைக்குமிடத்தில் வேறொரு முறை உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, துருவேறிய பாகத்தை அதிலே தொங்கவிட்டுச் சார்ஜரின் கழித்தல் முனையை அதனுடன் இணைக்க வேண்டும். கூட்டல் முனைக்குப் பழைய இரும்புத் தகடொன்றைக் கட்டிப் பாகத்தைத் தொடாதபடி எதிரே தொங்கவிட வேண்டும். முனைகளை மாற்றிக் கட்டினால் என்ஜின் பாகமே கரையும். இதனை இருமுறை பார்த்துக் கொள்வது நலம். சில மணிநேரத்தில் துரு கறுத்து நெகிழ்ந்து, பிரஷ்ஷுக்கு எளிதில் உதிரும். நல்ல இரும்பு குறைவதில்லை. எதிர்த் தகட்டிற்கு எவர்சில்வர்த் துண்டைப் போடுவது பெருந்தவறு. அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாகி நீரிற் கலந்துவிடும். பாகத்தைச் சுற்றிக் கிளம்பும் குமிழிகள் ஹைட்ரஜன் வாயுவாதலால் இவ்வேலையைத் திறந்த வெளியிற் செய்தல் வேண்டும். பக்கத்தில் பீடி சுருட்டுக்கு இடமில்லை. முன்னர்க் கூறிய காரணத்தால் ஸ்பிரிங்கும் ராடு போல்டும் இத்தொட்டிக்கும் ஆகா.

பாஸ்பாரிக் அமிலமும் கடுக்காயும்

துருவை முற்றும் நீக்காமல், அதனையே காப்பாக மாற்றிவிடும் திராவகங்கள் இரண்டு உள. சுழலாத, உராயாத பாகங்களாகிய அடிப்பீடம், பெரிய சக்கரத்தின் கைகள், பம்பின் வெளியுடல் ஆகியவற்றிற்கு இவை உரியன.

கடைகளிற் கிடைக்கும் 85 சதவிகிதப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஒரு லிட்டரை எட்டு லிட்டர் நீரிற் கலந்தால் ஏறத்தாழ 15 சதவிகிதக் கரைசலாகும். உதிரும் துருவைச் சுரண்டிவிட்டு இதனைப் பிரஷ்ஷால் தடவினால், துரு இரும்புப் பாஸ்பேட்டாக மாறிச் சாம்பற் படலமாகப் படியும். அதன்மேல் வர்ணம் நன்றாய்ப் பற்றும். இரும்பின்மேல் பாஸ்பேட்டுப் படலம் ஏற்றும் முறைக்குக் காஸ்லெட் என்பவர் 1906-ல் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். ஆயினும் அதன் உண்மை இந்நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்னரே கண்முன் நின்றது. டெல்லியில் ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்புத் தூணில் பாஸ்பரஸ் மிகுதியாயிருப்பதையும், அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருப்பதையும் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் பாலசுப்பிரமணியம் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில் விளக்கினார்.

கடுக்காய் கிராமத்திலேயே உள்ளது. அதன் தோலை இடித்து நீரிற் காய்ச்சி இறுத்த கஷாயத்திலுள்ள துவர்ப்புப் பொருள் துருவுடன் கூடிக் கருநீல நிறமான உறுதிப் படலமாகிறது. கிராமக் கணக்குகளை ஒருகாலத்தில் எழுதிய மை இதுவே: கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியிட்டு மை கூட்டுவது பழைய வழக்கம். கர்ணம் பதவி 1980-ல் எடுபடுவதற்கு வெகுநாள் முன்னரே அம்மை மறைந்துவிட்டது. எழுத்துக்கள் பழைய கணக்குகளில் அழியாமல் நிற்கின்றன. இக்காலத்தில் துருமாற்றி என்று விற்கப்படும் திரவங்கள் சிலவற்றிலும் டானிக் அமிலம் என்னும் இதே துவர்ப்பே முக்கிய சரக்கு. கஷாயத்தை இரண்டு மூன்று முறை தடவிக் காயவிட்டு, அதன்மேல் வர்ணம் பூச வேண்டும். வெறும் கடுக்காய்ப் படலம் மழையைத் தாங்காது.

கழுவுதலும் எண்ணெயிடுதலும்

துரு நீங்கிய இரும்பு ஈரத்துடன் காற்றில் வைக்கப்பட்டால் சில நிமிஷங்களுக்குள் மீண்டும் மஞ்சளிக்கும். ஆகையால் அடுத்த வேலைக்கு வேண்டிய சாமான்களை முன்னரே எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பாகத்தைக் கரைசலிலிருந்து எடுக்க வேண்டும். முதலில் நல்ல நீரில் அலசி, பின் சிறிது சலவைச் சோடா கலந்த நீரில் முக்கி, கடைசியில் கொதிநீர் ஊற்ற வேண்டும். கொதிநீர் பட்ட இரும்பு தன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். உவர்க்கிணற்று நீரால் அலசினால் பட்ட பாடெல்லாம் வீண். மழைநீரைப் பிடித்து வைத்துக் கொள்வது உத்தமம். உலர்ந்த கணமே என்ஜின் எண்ணெய் தடவ வேண்டும். வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய் நன்று. லைனருக்கும் பிஸ்டனுக்கும் நாட்பட வைக்கும் காப்பாக அது ஆகாது. தாவர எண்ணெய்கள் நாளடைவில் காறிப் பிசினாகி இறுகும்.

இதன்பின்னரே என்ஜின் மீளுமா மீளாதா என்று தெரியவரும். துரு மூடியிருந்த மட்டும் எல்லா இடமும் ஒன்றுபோலத் தோன்றும். லைனரின் மேற்பாதியில், ரிங்குகள் ஓடும் இடத்தில், விரல்நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறம் மட்டும் மாறியிருந்தால் கவலையில்லை. நகம் தடுக்கும்படியான குழிகள் இருப்பின் அங்கே இரும்பு போய்விட்டது. எந்தத் திராவகமும் அதனைத் திரும்பக் கொடாது. லைனரை மாற்றவோ, கடைந்து பெரிய பிஸ்டன் போடவோ வேண்டும். பழைய மாதிரிகளுக்குரிய லைனரும் ரிங்கும் இன்னும் விற்பனையில் உள்ளமையின் இச்செலவு பெரும்பாலும் தாங்கத்தக்கதே. கிராங்கு ஷாப்டின் கழுத்தில் ஆழ்ந்த குழிகள் இருந்து, சிலிண்டர் உடலும் நீர் உறைந்த ஜாக்கெட்டின் பக்கம் அரித்து ஓட்டையாகியிருந்தால் மட்டும் எடைக்குப் போடுவது நியாயம். பஞ்சாயத்துக்களின் வசமுள்ள பழைய என்ஜின்களை ஏலத்திற்கு மதிப்பிடும் அதிகாரிகள், வெளித்துருவைக் கண்டு விலை குறிக்காமல், ஹெட்டைக் கழற்றி லைனரைப் பார்த்தபின் குறிப்பது நலம்.

திராவகத்தைக் கையாளுதலும் கழித்தலும்

வன்திராவகத்தை உபயோகித்தே தீரவேண்டிய இடத்தில் நீரில் திராவகத்தை ஊற்ற வேண்டுமேயன்றித் திராவகத்தில் நீரை ஊற்றலாகாது. பொங்கி முகத்தில் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கண்ணிற் பட்டால் கால்மணி நேரம் ஓயாது நீரூற்றிக் கழுவி உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். கிணற்றுக்கு இடும் பிளீச்சிங் பவுடர் இருக்கும் அறையில் உப்புத் திராவகத்தைத் திறக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் குளோரின் வாயு மூச்சை அடைத்துக் கொல்லும். உப்புத் திராவகத்தின் ஆவி மட்டுமே அறையிலுள்ள மற்ற கருவிகளையெல்லாம் துருவாக்கப் போதும் என்பது வேறு.

இத்திராவகங்களை விற்பது குறித்து உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கட்டளையிட்டது. வாங்குவோர் பெயர், விலாசம், வாங்கும் காரணம் ஆகியவற்றை விற்பவர் பதிவேட்டில் எழுதவேண்டும். புகைப்படமுள்ள அரசாங்க அடையாளச் சீட்டைக் காண வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்றல் கூடாது. மனிதர்மேல் திராவகம் வீசும் கொடுமையைத் தடுக்க எழுந்த இவ்விதியைக் கிராமக் கடைகள் அநுசரிக்கின்றனவா என்பதை உள்ளூர் அதிகாரிகள் கவனித்தல் தகும்.

உபயோகித்து முடிந்த கரைசலை வாய்க்காலிலோ குளத்திலோ கிணற்றடியிலோ கொட்டலாகாது. புளிப்புள்ள கரைசலில் சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாகக் கலந்தால் புளிப்பு அடங்கி, கரைந்திருந்த இரும்பின் பெரும்பகுதி பழுப்பு வண்டலாக அடியிற் படியும். எண்ணெய் மிதந்தால் அதனைத் தனியே வடித்தெடுக்க வேண்டும். வண்டலையும் நீரையும் பயிரில்லாத மேட்டிடத்தில், நீர்நிலைக்குத் தொலைவில் குழிவெட்டி விடுவது நலம். குரோமியம் கலந்துவிட்ட கரைசலுக்கு மட்டும் இவ்வழி போதாது.

சீர்செய்து ஓட்டிய என்ஜினை மறுபடியும் மாதக்கணக்கில் நிறுத்துவதாயின், ஜாக்கெட்டிலுள்ள நீரை அடிக்குழாயைத் திறந்து முழுதும் வடித்துவிட வேண்டும். இன்ஜெக்டரைக் கழற்றிச் சிலிண்டருக்குள் இரண்டு மூன்று கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் நாலைந்து சுற்றுச் சுற்றி மீண்டும் மூட வேண்டும். மாதம் ஒருமுறை இவ்விதம் சுற்றிவைத்தல் போதும். சாக்கைப் போர்த்துதல் கூடாது. அது மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி இரும்பின்மேலேயே வைத்திருக்கும். கூரை ஒழுகாமல், காற்றோட்டத்துடன் என்ஜின் திறந்தே நிற்கலாம். சுற்றி நிறுத்தும்போது பிஸ்டன் அமுக்கத்தின் உச்சிக்கு வந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அப்பொழுது இரண்டு வால்வுகளும் மூடியிருக்குமாதலால் ஈரக்காற்று எளிதில் உள்ளே புகாது.